சும்மாட்டுக்குள் என் குடித்தனம்

அந்தக் காலத்தில் எங்கே பார்த்தாலும் திட்டம் என்றுதான் பேச்சு. பஞ்சாயத்து ரேடியோவைத் திருப்பினால் ஐந்தாண்டுத் திட்டம், அணைத் திட்டம், கிணற்றுக்குக் கரண்டு இழுக்கிற திட்டம். நானும் ஒரு திட்டம் போட்டேன். சர்க்காருக்கு ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருஷம் தேவைப்பட்டது. எனக்கு ஆவணியில் வெங்காயம் பிடுங்கியதிலிருந்து ஐப்பசியில் சாமி கும்பிட்டது வரைக்கும் போதுமாக இருந்தது. அவர்கள் திட்டமெல்லாம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. என் திட்டம் பலித்தது. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் ஒதுங்காதவள் போட்ட திட்டம் என்பதால் கொஞ்சம் சத்தமாகவே பீற்றிக்கொள்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

திட்டம் இதுதான். கைகால் முழுசாக இருக்கும்போதே, இடுப்பில் இருக்கிற பிள்ளையோடு, என் வீட்டுக்காரரிடமிருந்து தப்பித்துப் போவது.

சாணார்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். “மாப்பிள்ளை குடிப்பாரா?” என்று கதை கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பார்கள். குடிப்பார், மோர். பெருங்காயம் தட்டிப்போட்ட மோர். சாராயம் இருக்கிற பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். ஊரில் அவருக்கு அம்புட்டு நல்ல பெயர். கிணற்றில் விழுந்த அடுத்தவர் கன்றுக்குட்டியைக் கயிறு கட்டி இறங்கித் தூக்கியவர். வண்டி மாட்டின் மேல் குச்சி பட விட மாட்டார். மாடு காசு கொடுத்து வாங்கியது. நான் சீர்வரிசையோடு சும்மா வந்தவள்.

அடிக்கு என்ன காரணம் என்று தேடிப் பார்த்து நான் களைத்துப்போனேன். குழம்பில் உப்புக் குறைந்தால் அடி. கூடினால் அடி. சரியாக இருந்தால், “யாருக்கு இம்புட்டு ருசியா வச்ச?” என்று அடி. எல்லாவற்றையும்விட என் சிரிப்பு அவருக்கு ஆகாது. எனக்கோ எதைப் பார்த்தாலும் சிரிப்பு வரும். அது பிறவிக் குணம்.

ஒருமுறை அகரத்தில் இருந்த எங்கள் ஐயா வீட்டுக்கு ஓடிப் போனேன். ஐயா என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

“புருசன்னா கோவம் இருக்கத்தேன் செய்யும் ஆத்தா. நீ வாயக் கொறை” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

வாழைப்பழத்தை அவர் மாப்பிள்ளை சாப்பிட்டார். புத்திமதியை நான் சாப்பிட்டேன். ஐயா தெருமுனை தாண்டியதும், சொல்லாமல் போனதற்கு உண்டானதையும் வாங்கிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். அவருடைய புருஷன் கண்டித் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர், போனவர்தான். அதனால் அக்கா சுமங்கலி, ஆனால் அடிக்க ஆள் இல்லாத சுமங்கலி. ஊரிலேயே அப்படிப்பட்ட பாக்கியசாலி அவர் ஒருத்திதான். அவர் போடுகிற குலவை மேற்கே மலையில் போய் முட்டித் திரும்பி வரும் என்பார்கள். ஊரில் சாமி கும்பிடு என்றால் முளைப்பாரி வீட்டுக்கு அவர்தான் பொறுப்பு.

ஆவணியில் எங்கள் தோட்டத்தில் வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தோம். பெண்கள் கூடி உட்கார்ந்து, காய்ந்த தாளை அறுத்து, வெங்காயத்தைக் குவிக்கிற வேலை. நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். அக்கா நகர்ந்து நகர்ந்து என் பக்கத்துக்கு வந்தார்.

“ஏ புள்ள, வெங்காயம் அங்கிட்டுக் கெடக்கு. நீ இங்கிட்டுத் திரும்பி அழுகுற?”

“காத்து இங்கிட்டு அடிக்குதுக்கா.”

“அடிக்கும் அடிக்கும். தோள்பட்டையிலயும் காத்துத்தேன் அடிச்சுச்சா? செவந்து கெடக்கு.”

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அறுத்துக்கொண்டே, தலை நிமிராமல் பேசினார். யாராவது பார்த்தால் விலைவாசி பேசுகிறோம் என்றுதான் நினைப்பார்கள்.

“அவன் கொரலு ஏறுச்சுன்னா நீ எங்க போற?”

“அடுப்படிக்கு.”

“கூறுகெட்டவளே! அங்க என்ன இருக்கு? அருவாமனை இருக்கு, ஒலக்கை இருக்கு, கொதிக்கிற ஒலை இருக்கு. ஓடுறதுக்கு இன்னொரு வாசலு இருக்கா?”

“வேற எங்கக்கா போறது? எனக்குத் தெரிஞ்ச எடமே அது ஒண்ணுதேன்.”

“மாட்டுக் கொட்டத்துக்குப் போ. ரெண்டு பக்கமும் தெறந்து கெடக்கு. மாட்டுக்கு முன்னாடி ஒம் புருசன் கொஞ்சம் மரியாதையா வேற இருப்பான்.”

திட்டத்தில் முதல் காரியம் அதுதான். இரண்டாவது, நான் கொட்டத்தில் தண்ணீர்த் தொட்டி மேல் இருக்கிற தகரத்தைத் தட்டிவிட வேண்டும். சத்தம் கேட்டதும் அக்கா குலவை போடுவார். ஒரு வீட்டில் குலவை கேட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்து, தாங்களும் போடுவார்கள்.

சோதித்துப் பார்க்க நாள் குறிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வாரத்திலேயே வாய்த்தது. தகரம் விழுந்தது. அக்கா வீட்டிலிருந்து கிளம்பியது பாருங்கள் குலவை, எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. தெருப்பெண்கள் முழுக்கக் கொட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். ஓங்கிய கையோடு அவர் நிற்கிறார். நான் அவிழ்ந்த கொண்டையோடு நிற்கிறேன். உள்ளேயிருந்து வந்த என் மாமியார் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். “ஆத்தா எறங்கிட்டா!” என்று ஓடிப்போய்ச் சூடம் கொளுத்திக்கொண்டு வந்தார். ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் என் வீட்டுக்காரர் அதைக் கும்பிடாக மாற்றிக்கொண்டார்.

அப்படியே விட்டிருக்கலாம். என் குணம் விடவில்லை. லேசாக ஆடினேன்.

“என்ன வேணும் தாயி? கேளு தாயி” என்றார் மாமியார், நடுங்கிக்கொண்டு.

“அதிரசம்” என்றேன்.

மறுநாள் அதிரசம் சுட்டார்கள். அக்காவுக்கும் பங்கு போனது. “ஆத்தாளுக்கு இனிப்புன்னா உசுரு போல” என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

என் வீட்டுக்காரர் முட்டாள் இல்லை. இன்னும் இரண்டொரு தடவை ஆத்தா இறங்கியதும் அவருக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு வீட்டுக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, என் வாயைப் பொத்திக்கொண்டு அடித்தார். சத்தமே இல்லாத அடி. அப்படி ஒரு நாள் மகள் அழுதுகொண்டே அவருடைய காலைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். காலை உதறினார். பிள்ளை நிலைப்படியில் போய் விழுந்து உதடு கிழிந்தது. பிறகு அவரே தூக்கி, காப்பித்தூளை வைத்து அமுக்கி, “செல்லம், தங்கம்” என்று கொஞ்சினார். அவருடைய அம்மாவிடம், “தடுக்கி விழுந்துருச்சு” என்றார். அவர் சொன்ன மாதிரியிலேயே அது அவருக்கு நிஜமாகிவிட்டதைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு எதைப் பார்த்தும் சிரிப்பு வரவில்லை.

அக்காவிடம் போனேன். “யக்கா, குலவை பத்தாது. நான் போகணும்.”

அக்கா பிள்ளையின் உதட்டைப் பார்த்தார். எங்கே என்று மட்டும் கேட்டார்.

அதுதான் சிக்கல். சொந்தத்தில் கட்டியவள் நான். என் சொந்தம் அத்தனையும் அவருக்கும் சொந்தம். அகரத்துக்குப் போனால் வாழைப்பழத்தோடு திரும்பி வரவேண்டும். சேவுகம்பட்டியில் சித்தி இருந்தார், சித்தப்பாவோ என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன். ஒவ்வொரு வீடாக எண்ணிப் பார்த்தோம். அவர் வந்து நின்றால் “வாங்க மாப்ளே” என்று பாய் விரிக்காத வீடு ஒன்றுகூட இல்லை.

“அப்பச் சொந்தமில்லாத வீடாப் பாரு” என்றார் அக்கா.

அப்படி ஒரு வீடு தானாகவே எங்கள் தோட்டத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது. திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கத்தில் ஒரு ராவுத்தரம்மா இருந்தார். கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் சமையல் ஒப்புக்கொண்டு செய்கிறவர். எங்கள் சின்ன வெங்காயத்தின் மேல் அவருக்குப் பிரியம். திரை கட்டிய குதிரை வண்டியில் தானே வந்து, கையால் அளைந்து பார்த்து வாங்குவார். வீட்டுக்காரர் மூட்டையை ஏற்றிவிட்டு வாய்க்காலில் கைகழுவப் போயிருந்தபோது, நான் அவரிடம் விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னேன்.

ராவுத்தரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “அழுவுற ஆளு எனக்கு வேணாம் தாயி. வெங்காயம் உரிக்கிற ஆளு வேணும்.”

என் முகம் விழுந்துவிட்டது.

“ரெண்டையும் ஒண்ணாச் செஞ்சா யாருக்குத் தெரியப் போவுது? வா. புள்ளையையும் தூக்கிட்டு வா. எங்கடுப்படியில மூணு பொம்பளைக அப்பிடி வந்தவுகதேன்.”

இடம் கிடைத்துவிட்டது. போகிற வழிதான் பாக்கி. தோட்டத்துக்குப் போனாலும் அவருடைய கண், குடத்தைத் தூக்கினாலும் மாமியாருடைய கண்.

ஐப்பசியில் மாரியம்மனுக்குக் கும்பிடு சாட்டினார்கள். அக்கா முளைப்பாரி வீட்டைத் திறந்தார். இருட்டான ஓர் அறை. சட்டியில் எருவும் மண்ணும் வைக்கோலும் போட்டு, தானியம் தூவி, வெயில் படாமல் முளைக்கவைப்பார்கள். ஆண்பிள்ளை உள்ளே வரக்கூடாது. எட்டியும் பார்க்கக்கூடாது. சாயங்காலமானால் பெண்களெல்லாம் கூடிக் கும்மி கொட்டுவோம். அங்கே வைத்துத்தான் மிச்சத் திட்டத்தைப் போட்டோம். மற்ற பெண்கள் வெளியே கும்மி கொட்ட, நானும் அக்காவும் உள்ளே பயிருக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே ஊரைவிட்டு ஓடுவதைப் பேசினோம்.

கடைசி நாள் ஊர்வலம். முளைப்பாரியைத் தலையில் தூக்கிக்கொண்டு பெண்கள் கண்மாய்க்குப் போய்க் கரைப்போம். கரைத்ததும் ஆண்கள் மேளத்தோடு கோயிலுக்குத் திரும்பிவிடுவார்கள். பெண்கள் குளித்துவிட்டு வருவோம். பெண்கள் படித்துறையில் எந்த ஆணும் நிற்க முடியாது. படித்துறைக்குப் பின்னால் கரையேறி இறங்கினால் நத்தம் ரோடு. அங்கே ராவுத்தரம்மாவின் வண்டி நிற்கும். அடுத்த தடவை வெங்காயத்துக்கு வந்தபோது அவரிடம் நாளைச் சொல்லிவிட்டேன்.

“துணிமணி?” என்றேன். மூட்டை தூக்கினால் தெரிந்துவிடும்.

“சட்டிக்கு அடியில என்ன வைப்ப?”

“சும்மாடு.”

“அதை எதுல சுத்துவ?”

சொல்ல வேண்டுமா? கந்தல் துணிக்குப் பதிலாக என் மாற்றுச் சேலை, அதற்குள் பிள்ளையின் சட்டை, அதற்குள் என் தோடும் பிள்ளையின் வெள்ளி அரைஞாணும். எல்லாவற்றையும் சேர்த்து வட்டமாகச் சுற்றினால் ஒரு நல்ல சும்மாடு. அதற்கு மேல் சாமி உட்கார்ந்திருக்கும்போது அதை அவிழ்த்துப் பார்க்கிற தைரியம் எந்தப் புருஷனுக்கு வரும்?

இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக யோசித்தவர்கள் ஒன்றை மறந்துபோனோம். காப்புக் கட்டுகிற மேளம் கேட்ட பிறகுதான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. காப்புக் கட்டியபோது ஊரில் இருந்தவர்கள், மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் வேறு ஊரில் ராத்தங்கக்கூடாது. மஞ்சள் தண்ணீரோ ஊர்வலத்துக்கு மறுநாள். அதை நம்பாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. நானும் நம்பினேன். அவருடைய அடிகூட என் உடம்போடு போகும், ஆத்தா கோபம் என் பிள்ளைமேல் வந்தால்?

அக்கா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். “ஆத்தாகிட்டயே கேட்டுருவோம். பூக் கட்டிப் பாரு” என்றார் கடைசியில்.

இது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. அக்கா சூடம் எடுக்கப் போனார். நான் வாழையிலையில் பொட்டலம் கட்டினேன். முளைப்பாரிகளுக்கு முன்னால் வைத்தோம். என் மகள் தத்தித் தத்திப் போய், இரண்டையும் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். பிரித்தோம். வெள்ளை.

அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் ஒற்றிக்கொண்டேன். அதோடு விடுவாரா? மீதிப் பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்துப் பார்த்தார். அதுவும் வெள்ளை.

“அடி பாவி!”

“ஆத்தாளுக்கு எதுக்குக்கா வீண் செரமம்?” என்றேன். “அவளும் பொம்பளதான, என்ன சொல்லியிருப்பான்னு நமக்குத் தெரியாதா?”

அக்கா என்னை முறைத்தார். பிறகு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆத்தா இன்றுவரைக்கும் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் இத்தனை பேரன் பேத்திகளை எதற்குக் கொடுக்கிறாள்?

ஊர்வலத்தன்று நல்ல வெயில். நான் சட்டியைத் தூக்கும்போது மாமியார் வந்தார்.

“என்னடி, சும்மாடு இம்புட்டுப் பெருசா இருக்கு?”

“பயிரு நல்லா வளந்துருக்கு அத்தை. பாரம் கூட.”

“புள்ளைய எங்கிட்டக் குடு.”

அக்கா அதற்குள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். “ஒனக்கு முட்டுவலி அத்தை, நீ எங்க தூக்கிட்டு நடப்ப? நான் வச்சுக்கிறேன்.”

மேளத்துக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் நடந்துவந்தார். வேட்டியில் மஞ்சள், நெற்றி முழுக்கத் திருநீறு. ஓரிடத்தில் நின்று என் முளைப்பாரியைக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் பதிலுக்கு ஆசீர்வாதம் செய்திருப்பேன், இரண்டு கையும் சட்டியைப் பிடித்திருந்தன.

கண்மாயில் கரைத்தோம். ஆண்கள் திரும்பிப் போனார்கள். பெண்கள் தண்ணீரில் இறங்கிக் கூச்சலும் சிரிப்புமாக இருந்தபோது, அக்கா பிள்ளையை என் இடுப்புக்கு மாற்றினார். என் முதுகில் கைவைத்துக் கரைப்பக்கம் தள்ளினார், அவ்வளவுதான். சும்மாட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினேன். மறுபக்கம் புளியமரத்தடியில் வண்டி நின்றது. திரையை ஒதுக்கி ராவுத்தரம்மா கையை நீட்டினார். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் ஈரச்சேலையோடு வந்துவிட்டேன் என்பதே தெரிந்தது.

ரோட்டில் பாதித் தூரம் போயிருப்போம். பின்னாலிருந்து சைக்கிள் மணி. விடாமல் அடித்துக்கொண்டே வந்தது. அந்த மணியை எனக்குத் தெரியும். பெண்கள் குளித்துத் திரும்பிக் கோயிலில் பொங்கல் வைக்கும்போது பானைப் பக்கத்தில் என்னைக் காணாமல், அகரத்துக்கு பஸ் பிடிக்கத்தான் போயிருப்பேன் என்று கிளம்பியிருக்கிறார்.

“பெரியவரே, வண்டிய நிப்பாட்டுங்க! கைப்புள்ளையோட ஒரு பொம்பளை போனாளா?”

வண்டிக்காரர் குதிரையை இழுத்துப் பிடித்தார். திரைக்கு அந்தப் பக்கம் அவருடைய நிழல். இந்தப் பக்கம் என் மடியில் மகள், அப்பன் குரல் கேட்டதும் வாயைத் திறந்தாள். ராவுத்தரம்மா ஒரு கருப்பட்டித் துண்டைத் திறந்த வாயில் வைத்தார். வைத்த கையோடு வெளியே பார்த்து ஒரு சத்தம் போட்டார்.

“யாருய்யா அது, பொம்பளைக இருக்கிற வண்டிய நடுரோட்டுல மறிக்கிறது? ஒங்க ஊருல அக்கா தங்கச்சி இல்லையா? ஒன் பேரச் சொல்லு, ஒங்க ஊரு நாட்டாமைகிட்ட வந்து கேக்குறேன்!”

நிழல் இரண்டடி பின்வாங்கியது.

“தப்புத்தேன் தாயி. மன்னிச்சுக்கங்க. நீங்க போங்க.”

சைக்கிளை ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டு நின்றார். வண்டி அவரைக் கடந்து போயிற்று. அந்த மனுஷர் வாயிலிருந்து மன்னிப்பு என்கிற வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்குச் சொல்லவில்லைதான். இருந்தாலும் என் காதில் விழுந்தது, நான் வரவு வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஆண்பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். முளைப்பாரி வீட்டுக்குள் வரமாட்டார்கள், படித்துறையில் நிற்க மாட்டார்கள், பெண்கள் வண்டித் திரையை விலக்க மாட்டார்கள். அவர்கள் மதித்த இடங்களையெல்லாம் கோத்துப் பார்த்தால் நேராகத் திண்டுக்கல்லுக்கு ஒரு பாதை இருந்தது. நாங்கள் நடந்தோம், வேறொன்றுமில்லை.

தையில் ஐயா என்னைக் கண்டுபிடித்து வந்துவிட்டார். ராவுத்தரம்மா வீட்டுத் தெருவாசலில் நின்றார், கையில் வாழைப்பழம் இல்லை. பேத்தியைத் தூக்கினார். உதட்டில் இருந்த தழும்பை விரலால் தடவினார்.

“இது எப்பிடி ஆத்தா?”

சொன்னேன். ஐயா பேத்தியை இறக்கிவிடாமலே வாசற்படியில் உட்கார்ந்தார். அவரோடு போகமாட்டேன் என்று சொல்ல எத்தனையோ வார்த்தை சேர்த்துவைத்திருந்தேன், ஒன்றுக்கும் வேலையில்லாமல் போயிற்று.

“நான் ஒன்னயப் பாக்கலன்னு சொல்லிர்றேன்” என்றார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அந்த வீட்டுத் தண்ணீரை அவர் குடிப்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

நான் அங்கே வந்த புதிதில் ஒரு நாள், சோறு ஆக்குகிற தேக்சா அண்டாவின் பெரிய செப்பு மூடி யாருடைய கையிலிருந்தோ நழுவிக் கல்தரையில் விழுந்தது. அடுப்படியே அதிர்ந்தது. என் இரண்டு கையும் தானாகத் தலைக்கு மேல் போய்விட்டன. அப்படியே சுருண்டு உட்கார்ந்துவிட்டேன். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருத்தி என் பக்கத்தில் குந்தி, “மூடிதேன் புள்ள. வெறும் மூடி” என்றாள். அவளும் ஒரு காலத்தில் இப்படிச் சுருண்டவளாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு வெங்காயம் உரிப்பதிலிருந்து தாளிக்கிற இடத்துக்கு என்னை மாற்றினார்கள். ஒரு கல்யாணத்து வீட்டில், அடுப்புகள் எல்லாம் எரிந்துகொண்டிருக்கையில், மறுபடியும் அந்த மூடி விழுந்தது. நான் கரண்டியை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

“எவடி அவ, கையில வெண்ணெயத் தடவிக்கிட்டு மூடியத் தூக்குறவ? மாப்பிள்ளை வீட்டுக்காரக பந்தி முடிஞ்சிருச்சுன்னு எந்திரிச்சிறப் போறாக!”

அடுப்படி முழுக்கச் சிரித்தது. நான் திரும்பி எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டேன், பட்டை கிராம்பு கருகிவிடும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் இரண்டு கையும் கரண்டியிலேயே இருந்ததைக் கவனித்தேன்.